பஸ்ஸைவிடக் குட்டையான போர் விமானம்

கேள்வி: ஐயா, 1971 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை நம்முடைய ‘நாட்’ ஓட ஓட விரட்டியதாக என் தாத்தா சொல்வார். படத்தில் பொம்மை மாதிரி இருக்கிறது. அவ்வளவு சின்ன விமானத்தால் எப்படி முடிந்தது?
— கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: தம்பி, தாத்தா சொன்னது உண்மை. விமானப்படையில் நான் ஆர்மரர். பீரங்கியைக் கழற்றித் துடைத்துக் குண்டு ஏற்றுவது என் வேலை. போர் முடிந்த மறு வருடம் நாட் ஸ்குவாட்ரனில் போட்டார்கள். முதல் நாள் ஹாங்கருக்குள் நுழைந்ததும் ‘இதுவா?’ என்றுதான் எனக்கும் தோன்றியது. மாட்டுத்தாவணியில் நிற்கிற பஸ்ஸைவிட நீளம் குறைவு, சுமார் 9 மீட்டர். இறக்கை முனைக்கு முனை 6.7 மீட்டர்; சேபருக்கு 11 மீட்டருக்கு மேல்.

அந்தச் சிறிய உருவம்தான் அதன் பலமே. போர் விமானங்கள் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டும் விலையேறிக்கொண்டும் போவது டெடி பெட்டர் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளருக்குப் பிடிக்கவில்லை. ஒரு விமானி, ஒரு எஞ்சின், இரண்டு பீரங்கி. அதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான் வைத்தார். 1955-ல் பறந்தது. வேகத்தைக் குறைக்கத் தனியாக ஒன்றும் கிடையாது. சக்கரங்களைக் கொஞ்சம் இறக்கினால் அதன் கதவுகளே காற்றைத் தடுக்கும். இங்கிலாந்து இதைப் பயிற்சி விமானமாக மட்டும் வைத்துக்கொண்டது. நாம் லைசென்ஸ் வாங்கி பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் போர் விமானமாகத் தயாரித்தோம்.

புளிக்குளம் காளையை வாடிவாசலில் பார்த்திருப்பாய். உருவத்தில் பெரிசு இல்லை, நின்ற இடத்திலேயே சுற்றும். நாட் விமானமும் அப்படித்தான். பக்கத்தில் வரும்வரை சேபர்காரன் கண்ணில் படாது; பட்டபிறகு அவன் திரும்புவதற்குள் இது திரும்பிவிடும்.

கஷ்டமும் அந்தச் சின்ன உடம்பில்தான். காற்று உள்ளே போகும் வாய்க்கு ஒரு பக்கம் ஒன்றாக இரண்டு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி. ஒவ்வொரு குண்டும் ஒரு சாண் நீளம். பீரங்கிக்குச் சுமார் 115 குண்டுதான்; விடாமல் அழுத்தினால் ஐந்தாறு விநாடியில் காலி. குண்டுகளைக் கோத்த பெல்ட்டில் ஒரு லிங்க் (இணைப்பு வளையம்) கோணினாலும் பீரங்கி சிக்கிக்கொள்ளும். சண்டையில் சிக்குவது இந்த விமானத்துக்கு இருந்த பெரிய குறை. அதனால் ஒவ்வொரு லிங்கையும் விரலால் தடவித் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். பீரங்கி மூடியின் விளிம்பு கிழித்த தழும்பு இன்னும் வலது மணிக்கட்டில் இருக்கிறது. வால் கட்டுப்பாட்டிலும் கோளாறு இருந்தது. அதைப் பழக்கி ஓட்டிய விமானிகளைக் கும்பிட வேண்டும்.

1965 போரில், செப்டம்பர் 3-ல், நாட் விமானி டிரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக வீர் சக்ரா கொடுத்தார்கள். அது அடிபட்டாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பு. நான் அதில் வாதாட மாட்டேன். வாதமே இல்லாதது 1971 நவம்பர் 22, அன்றைய கிழக்குப் பாகிஸ்தான் எல்லையில் பொய்ரா. மாசி, கணபதி, லாசரஸ், சோரஸ் நான்கு பேரும் நாட் விமானங்களில் போனார்கள். இரண்டு சேபர் விழுந்தது. பாராசூட்டில் குதித்த இரண்டு விமானிகளும் பிடிபட்டார்கள். அதில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி, பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியே ஆனார்.

டிசம்பர் 14-ல் ஸ்ரீநகர் ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே நிர்மல் ஜித் சிங் சேகோன் நாட் விமானத்தைக் கிளப்பினார். எதிரே ஆறு சேபர். அவர் திரும்பி வரவில்லை. விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா அவருடையதுதான். ஆர்மரர்கள் நாங்கள் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம்.

கேள்வி: பாகிஸ்தானில் நம்முடைய நாட் ஒன்று நிற்கிறதாமே?
— வாசகி, திருமங்கலம்

பதில்: ஆமாம்மா. கீலர் சண்டை போட்ட அதே நாளில் நம் நாட் ஒன்று அவர்களுடைய பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கியது, விமானி கைதியானார். விமானம் இப்போது கராச்சி விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு நான் குண்டு ஏற்றியதில்லை. ஆனாலும் அதன் படத்தைப் பார்த்தால், பீரங்கி மூடியின் திருகெல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.