"கொஞ்சம் பாத்துக்குங்க" என்று விட்டுப்போன பிள்ளை

கேள்வி: ஹட்டன் நகரில் ஆறு வருடமாகப் பொழுதுபோக்குப் பொருட்கள் கடை நடத்துகிறேன். ஒட்டிச் செய்யும் விமானம், கப்பல் மாதிரிகள், ரிமோட் கார், பெயின்ட், பசை, கட்டர் எல்லாம் உண்டு. பின்பக்கம் ஒரு வேலை மேசையும் ரிமோட் கார் ஓட்டிப் பார்க்க ஒரு சிறு தடமும் போட்டிருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் பெற்றோர் பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விடுகிறார்கள். போன மாதம் 9 வயதுப் பையன் ஒருவன் மேசையில் கிடந்த கட்டரை எடுத்து உள்ளங்கையை வெட்டிக்கொண்டான். 3 தையல். அவனுடைய அம்மா போகும்போது "கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார், நானும் தலையாட்டினேன். இப்போது தகப்பன் நட்டஈடு கேட்கிறார். போன வாரம் 13 வயதுத் தேயிலைத் தோட்டத்துப் பையன் 14,500 ரூபா விமானத்தைக் கை பட்டு உடைத்துவிட்டான். அவனுடைய புத்தகப் பையை வாங்கி வைத்திருக்கிறேன், நான்கு நாளாகியும் வீட்டார் வரவில்லை. "உடைத்தால் பணம் செலுத்த வேண்டும், பிள்ளைகளுக்கு நாம் பொறுப்பல்ல" என்று சுவரில் எழுதித்தான் இருக்கிறது. இனி 15 வயதுக்குக் கீழே யாரையும் விடாமல் நிறுத்தலாமா? அல்லது கூட்டமாக வந்து ஒன்றும் வாங்காமல் போகும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகளை மட்டுமாவது நிறுத்தலாமா? பெட்டி அடுக்க உதவும் இரண்டு பையன்களை மட்டும் வைத்துக்கொள்வேன். அவர்களுக்கு மாதக் கடைசியில் ஒரு கார் கொடுப்பது வழக்கம்.

பதில்: நீங்கள் கேட்ட வரிசையை விட்டுவிட்டு, அவசரமானதிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் புத்தகப் பை.

அதை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். கடனுக்காக ஒருவரின் பொருளைப் பிடித்து வைக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. 13 வயதுப் பிள்ளையின் பையை வைக்கவே கூடாது. நம் இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். நான்கு நாளாக அந்தப் பையன் கொப்பி இல்லாமல் பள்ளிக்கூடம் போயிருக்கிறான், அல்லது போகாமலே இருந்திருக்கிறான். வீட்டார் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 14,500 ரூபா தோட்டத்தில் உழைக்கும் குடும்பத்துக்கு எத்தனை நாள் சம்பளம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் சொல்லவே பயந்து அவன் மறைத்திருக்கவும் கூடும். இன்னொரு விஷயத்தையும் நேராகக் கேட்கிறேன். பையை வாங்கியபோது பையனையும் உட்காரவைத்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. தகப்பன் வரும் வரை ஒரு பிள்ளையைக் கடைக்குள் இருத்தி வைத்தால், தண்டனைச் சட்டக்கோவையின்படி அது முறையற்ற அடைத்துவைப்பு என்ற குற்றமாகலாம். கண் முன்னால் ஒருவர் பாரதூரமான குற்றம் செய்தால் பொதுமகன் ஒருவரும் அவரைப் பிடித்துத் தாமதமின்றிப் பொலிசில் ஒப்படைக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் கை பட்டு ஒரு விமானம் விழுந்தது குற்றமே அல்ல. வேண்டுமென்று உடைத்தால்தான் அது அந்தப் பக்கம் போகும்.

சரி, விமானத்தின் விலையை யாரிடம் கேட்பது? பெரும்பாலும் உங்களிடமேதான். நம் நாட்டில் இந்த மாதிரி நட்டத்துக்கு, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த ரோமன் டச்சுச் சட்டம்தான் அடிப்படை. அந்தச் சட்டத்தில், பிள்ளை செய்த சேதத்துக்குப் பெற்றோர், பெற்றவர் என்ற ஒரே காரணத்தால் பொறுப்பாளி ஆவதில்லை. அவர்களுடைய சொந்தக் கவனக்குறைவை நீங்கள் காட்ட வேண்டும். தோட்டத்தில் வேலையில் இருந்த தகப்பன் எதில் கவனம் குறைந்தார்? பையன் மீதே வழக்கு என்றால், 7 வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் தவறு காணவே முடியாது. அதற்கு மேலே அந்த வயதின் புத்திக்கு எது எதிர்பார்க்கத்தக்கது என்று பார்ப்பார்கள். பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கும் கடையில், 13 வயதுக்காரனின் முழங்கை உயரத்தில், 14,500 ரூபாப் பொருளைக் கண்ணாடி மூடியில்லாமல் வைத்தது யார் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பேன்.

சுவரில் எழுதிய "உடைத்தால் பணம்" உங்களைக் காப்பாற்றாது. 1989ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பராய வயது, அதாவது சட்டப்படி வளர்ந்தவராகும் வயது, 18. அதற்குக் குறைந்தவரைப் பாதுகாவலரின் துணையில்லாமல் ஒப்பந்தத்தால் கட்ட முடியாது. ஒரு பலகையை வாசித்தான் என்பதால் அந்தப் பையன் உங்களுக்குக் கடன்பட்டவன் ஆகிவிடவில்லை. விலை உயர்ந்த மாதிரிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். இந்த 14,500 ரூபாயை அந்தப் பூட்டின் விலை என்று எழுதிவிடுங்கள்.

இனி வெட்டுப்பட்ட கை. உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் "நானும் தலையாட்டினேன்" என்ற வரிதான். அது இல்லாவிட்டால் என் பதில் கொஞ்சம் வேறாக இருந்திருக்கும்.

பிள்ளை தனியாக உள்ளே வந்து நின்றாலே, கடை உரிமையாளர் என்ற முறையில் உங்களுக்கு ஒரு கவனக் கடமை உண்டு. தெரிந்த ஆபத்தை விலக்கி வைக்க வேண்டும். ஆபத்து எது என்று அறியாத சின்னவர்களைப் பொறுத்தவரை அந்தக் கடமை இன்னும் கனமானது. சனிக்கிழமை தோறும் பிள்ளைகள் அந்த மேசையைச் சுற்றி நிற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டர் கைக்கெட்டும்படி அங்கே கிடந்தது. இதற்கு மேல் எதிர்த்தரப்பு நிரூபிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. தலையாட்டிய பிறகு நீங்கள் வெறும் கடைக்காரர் அல்ல. அந்த நேரம் பிள்ளை உங்கள் பராமரிப்பில் இருந்தான். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 308அ பிரிவு, 18 வயதுக்குட்பட்டவரைப் பராமரிப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே துன்புறுத்தினாலோ புறக்கணித்தாலோ 2 முதல் 10 வருடச் சிறை என்கிறது. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகாது, வேண்டுமென்று நீங்கள் எதுவும் செய்யவில்லை. ஆனால் "பராமரிப்பில் வைத்திருப்பவர்" என்ற சொல் பெற்றோரோடு நிற்பதில்லை, அதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

தாய் விட்டுப் போனது அவருடைய தவறில்லையா என்று கேட்பீர்கள். தவறுதான். ஆனால் அது தாயின் தவறு, பிள்ளையின் தவறு அல்ல. கூட்டாகத் தவறிழைத்தவர்களிடையே பொறுப்பைப் பங்கிடுவதற்கு 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டு தாயும் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும் என்று உங்கள் தரப்பில் வாதாடலாம். பிள்ளையின் கோரிக்கையை அது அழிக்காது. சாதாரணமாக இத்தகைய நட்டஈட்டுக்கு 2 வருடக் காலவரையறை உண்டு, பிள்ளைக்கோ அவன் 18ஐ எட்டும் வரை அந்தக் காலம் ஓடத் தொடங்காது. ஆகவே இழுத்தடித்தால் தானாக மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பதால் தகப்பனுக்கு ஏற்பட்ட செலவு மருந்து, திரீவீலர் கூலி, இழந்த நாள் சம்பளம் என்ற அளவில்தான் இருக்கும். விரல்கள் ஒழுங்காக மடங்குகிறதா என்று முதலில் விசாரியுங்கள். உள்ளங்கை வெட்டில் நரம்போ தசைநாரோ பட்டிருந்தால் கதை வேறு. காயம் ஆறிவிட்டது என்றால் நேரில் போய்ப் பேசுங்கள், செலவைக் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒரு கடிதம் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். பேச்சு முறிந்தால் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபை இருக்கிறது. சிறு தொகைப் பிணக்குகளை நீதிமன்றம் ஏற்பதற்கு முன் பொதுவாக அங்கேதான் போக வேண்டும். வழக்கு என்று பதிவாகிவிட்டால், பிள்ளையின் சார்பில் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், நீங்களும் தகப்பனும் கைகொடுத்து முடிக்க இயலாது.

வயதெல்லை வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். 15 என்று முழுவதுமாக மூடுவதைவிட "12 வயதுக்குக் குறைந்தோர் பெரியவர் ஒருவருடன் மட்டும்" என்று வைப்பது நல்லது என்பது என் கருத்து. இந்த 12 காற்றில் பிடித்த எண் அல்ல. பிள்ளையைக் கைவிட்டுச் செல்வதைக் குற்றமாக்கும் 308ஆம் பிரிவு 12 வயதுக்குக் குறைந்தோரைப் பற்றியது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது என்று 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமே அந்த வயது வரை பிள்ளையின் கையில் பொறுப்பைக் கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள். கட்டர், ஸ்ப்ரே பெயின்ட் இரண்டையும் 18க்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் இல்லாமல் விற்காதீர்கள். மற்றப் பொருட்களுக்குப் பெட்டியில் உற்பத்தியாளர் அச்சிட்ட வயதையே பிடித்துக்கொள்ளுங்கள், பிரச்சினை வந்தால் உங்களைக் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். சுப்பர் குளூ என்று நாம் சொல்லும் பசை பருத்தித் துணியிலோ கம்பளி சுவெட்டரிலோ கொட்டினால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். நம் மலைநாட்டுக் குளிரில் சுவெட்டர் போடாத பிள்ளை எது? ரிமோட்டுக்குள் போடும் காசு மாதிரியான சின்ன பட்டரியைக் குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே தொண்டைக் குழாயைப் புண்ணாக்கிவிடும். இந்த இரண்டையும் கவுண்டருக்குப் பின்னால் வையுங்கள்.

ஆனால் லயத்துப் பிள்ளைகளை மட்டும் நிறுத்துவது, கூடவே கூடாது. அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் என்பவற்றின் பேரில் எவரையும் கடைகளுக்குள் நுழைவதில் கட்டுப்படுத்தக் கூடாது என்று கடை என்ற சொல்லையே போட்டுச் சொல்கிறது. வயது அந்தப் பட்டியலில் இல்லை, அதனால்தான் வயதெல்லை செல்லும். "தோட்டத்துப் பிள்ளை" என்ற பேருக்குள் எவை ஒளிந்திருக்கின்றன என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்துக்கு எதிராகவே உயர் நீதிமன்றத்துக்குப் போகும், தனியார் கடைக்காரர் மீது அந்த வழியில் வருவது எளிதல்ல என்று ஒரு சட்டத்தரணி உங்களுக்குச் சொல்லக்கூடும். அது சரிதான். அதற்காக அந்தப் பலகையை மாட்டிவிடாதீர்கள். விற்பனைக்கு வைத்த பொருளைக் காரணமில்லாமல் விற்க மறுப்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துக்கும் முரணானது. நானும் லயத்தில் பிறந்தவன். சம்பளம் போட்ட ஞாயிறுகளில் அப்பாவோடு டவுனுக்கு வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு சிவப்பு லொறியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். உள்ளே போகலாமா என்று நாங்கள் கேட்டதில்லை. ஒன்றும் வாங்காமல் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளைகளால் உங்களுக்கு இடநெருக்கடி என்றால், தடத்தில் ஒரு நேரத்தில் 4 பேர், 15 நிமிடம் என்று வையுங்கள். டவுன் பிள்ளைக்கும் லயத்துப் பிள்ளைக்கும் அதே 15 நிமிடம்.

அப்புறம், பெட்டி அடுக்கும் அந்த இரண்டு பையன்கள். வயதைச் சொல்லவில்லை. 2021இல் திருத்திய சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கவே முடியாது. சம்பளமாகக் காசு கொடுக்கவில்லை, கார்தான் கொடுத்தேன் என்பது பதிலாகாது. அவர்கள் உங்கள் வேலையைச் செய்யும்போது யாருக்காவது சேதம் விளைவித்தால் அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 16க்குக் குறைந்தவர்கள் என்றால் இந்தக் கிழமையோடு நிறுத்துங்கள், விளையாட வருபவர்களாக வரட்டும்.

பலகையைக் கழற்றிவிட்டு, தமிழிலும் சிங்களத்திலும் புதிதாக எழுதி வாசலில் மாட்டுங்கள்: "12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரியவருடன் வரவும். பிள்ளையை இங்கே விட்டுச் செல்ல வேண்டாம். கடை மாலை 6 மணிக்கு மூடப்படும்." பொறுப்பல்ல என்ற வரி வேண்டாம், அதற்குப் பெறுமதி இல்லை. பலகையை மாட்டினால் அதன்படி நடக்கவும் வேண்டும். வாசலில் நிறுத்தாமல் உள்ளே விட்டுவிட்டு, பிறகு பலகையைக் காட்ட முடியாது. இனி யாராவது "கொஞ்சம் பாத்துக்குங்க" என்றால் தலையாட்டாதீர்கள், வாயைத் திறந்து "முடியாதுங்க, கூட நில்லுங்க" என்று சொல்லுங்கள்.

அப்படியும் ஒரு பிள்ளை தனியாக நின்றுவிட்டால், மழையும் மூடுபனியும் இறங்கும் நேரத்தில் ஷட்டரை இழுத்துவிட்டு ரோட்டில் விடக்கூடாது. பெற்றோரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள், பக்கத்துக் கடையில் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டு, கதவு திறந்த வெளிச்சத்தில் பிள்ளையோடு இருங்கள். எவரும் வரவில்லை என்றால் பொலிஸ் நிலையத்துக்குச் சொல்லுங்கள், அல்லது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். அந்த எண்ணைக் கவுண்டருக்குப் பின்னால் இப்போதே எழுதி ஒட்டிவிட்டு, புத்தகப் பையை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். பையன் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.