தேங்க்ஸ்கிவிங் பிரெட் ஸ்டஃபிங் ஏன் களியாகிறது?

“தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்க நன்றியறிதல் நாள்) விருந்துக்கு எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள். வீட்டில் செய்யும் பிரெட் ஸ்டஃபிங் எப்போதும் களி மாதிரி ஆகிவிடுகிறது. பேசாமல் பெட்டியில் விற்பதையே வாங்கிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். ஸ்டஃபிங் என்பது ரொட்டித் துண்டுகளை ஸ்டாக்கில் (இறைச்சியோ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு) நனைத்து, வான்கோழியோடு சாப்பிடச் சுடும் பதார்த்தம். ‘ஸ்டவ் டாப்’ என்ற பிராண்டின் ஸ்டஃபிங் பெட்டி 1972-இல் இருந்து கிடைக்கிறது, அவசரத்துக்கு ஆகும், அதை மட்டம் தட்டவில்லை. ஆனால் உங்கள் பிரச்சினைக்கு வழி சுலபம். ரொட்டியை நீங்கள் சாதாரண சாண்ட்விச் ரொட்டியாக வாங்கி, பழசாகட்டும் என்று உறையிலேயே இரண்டு நாள் விட்டிருப்பீர்கள். பழைய ரொட்டி போடச் சொல்லும் குறிப்புகள் பல. உறைக்குள் பழசான ரொட்டி விறைப்பாக இருப்பது மாவுச்சத்து இறுகுவதால். ஈரம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். சூடு பட்டதும் ரொட்டி மறுபடி இளகிவிடும். ஏற்கெனவே ஈரமாக இருப்பதில் மேலும் ஸ்டாக்கை ஊற்றினால் களிதான் வரும்.

450 கிராம் ரொட்டியை முக்கால் அங்குலத் துண்டுகளாக்கி, இரண்டு தட்டுகளில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (120 செல்சியஸ்) 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வையுங்கள். நடுவில் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். நிறம் மாற வேண்டியதில்லை. தட்டின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பாருங்கள். உள்பக்கமும் மொறுக்கென்று நொறுங்கினால் சரி. அழுத்தும்போது பஞ்சு போல அமுங்கினால் இன்னும் பத்து நிமிடம். இதை இரண்டு மூன்று நாள் முன்னாலேயே செய்து காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கலாம்.

பிரியோஷ் (வெண்ணெயும் முட்டையும் சேர்த்த ரொட்டி) வேண்டாம், இனிப்புத் தட்டும். சவர்டோ (புளிக்கவைத்த மாவில் செய்த ரொட்டி) நன்றாக வரும், மேலோடு தடிமனாக இருந்தால் கொஞ்சம் சீவிவிடுங்கள்.

உப்பில்லாத வெண்ணெய் 113 கிராம், அதாவது ஒரு ஸ்டிக். அதில் பெரிய வெங்காயம் ஒன்று, செலரித் தண்டு நான்கு, இரண்டையும் பொடியாக நறுக்கிப் போட்டு, மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதக்குங்கள். சிவக்க வேண்டாம், ஆனால் செலரி நறுக்கென்று கடிபடக் கூடாது. ஓவனில் அது மேற்கொண்டு அவ்வளவாக வேகாது. கடைசி ஒரு நிமிடத்தில் நறுக்கிய சேஜ் இலை இரண்டு மேசைக்கரண்டி, தைம் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள். காய்ந்த இலை என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். சேஜ் கூடிப்போனால் மருந்து வாசனை அடிக்கும். கரம் மசாலா போடலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். தாராளமாகப் போடுங்கள், உங்கள் வீடு, உங்கள் நாக்கு. ஆனால் பக்கத்தில் கிரேவியும் கிரான்பெரி சாஸும் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

ஸ்டாக் மொத்தம் 600 மில்லி. உப்புக் குறைத்ததாக வாங்குங்கள். சாதாரண ஸ்டாக்கும் உப்பு வெண்ணெயும் சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது. வான்கோழிக்குள் ஒரு பையில் வரும் கழுத்தையும் உள்ளுறுப்புகளையும் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டால் கடை ஸ்டாக்கே தேவையில்லை. ஈரலை மட்டும் எடுத்துவிடுங்கள், கசக்கும்.

முதலில் 400 மில்லியை இரண்டு முட்டையுடன் அடித்து ரொட்டி மேல் பரவலாக ஊற்றுங்கள். ஸ்டாக் ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும். வதக்கியதையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் சேர்த்து, கையால் அடியிலிருந்து மேலே புரட்டுங்கள், பிசையக் கூடாது. பத்து நிமிடம் விட்டு, ஒரு துண்டைப் பிளந்து நடுவில் வெள்ளையாகக் காய்ந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கினால் அதிகம். முட்டை சாப்பிடாதவர்கள் இருந்தால் முட்டையை விட்டுவிட்டு, காய்கறி ஸ்டாக்கை 100 மில்லி கூட்டிக்கொள்ளுங்கள். உதிரியாக வரும், அவ்வளவுதான்.

வெண்ணெய் தடவிய 9×13 அங்குலத் தட்டில் அழுத்தாமல் பரப்பி, ஃபாயிலால் மூடி 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 25 நிமிடம், பிறகு திறந்து 20 நிமிடம். நடுப்பகுதி 165 டிகிரியைத் (74 செல்சியஸ்) தொட வேண்டும்.

“பறவைக்குள் அடைத்தால்தானே ஸ்டஃபிங்” என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: பச்சை இறைச்சிச் சாறு அதில் ஊறுவதால் உள்ளே இருப்பதும் அதே 165-க்குப் போக வேண்டும். அதற்குள் நெஞ்சுக்கறி வறண்டுவிடும். அப்படியும் அடைப்பதென்றால் ஓவனுக்குள் போகும் முன் அடையுங்கள், முந்தின இரவே வேண்டாம்.

வான்கோழியை வெளியே எடுத்து ஆறவிடும் முக்கால் மணி நேரம்தான் ஸ்டஃபிங்கின் நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் விருந்தினர்கள் ஃபாயில் மூடிய தட்டோடு வந்து “ஓவன் காலியா?” என்பார்கள். பாட்லக் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) என்றால் வெந்ததைக் கொண்டுவர வேண்டும், அடுத்தவர் வீட்டில் வந்து வேகவைப்பதில்லை. இதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஈரமாகிப் போனால் அகலத் தட்டில் பரப்பி 400 டிகிரியில் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். வறண்டால் சூடான ஸ்டாக்கைத் தெளித்து மூடுங்கள். பிசைந்து களியானதற்கு மருந்து இல்லை. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். தோசைக்கல்லில் தட்டி இருபுறமும் முறுகவிட்டால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும்.