கடலில் கூண்டு கட்டி அபலோனி என்னும் கடல் நத்தையை வளர்த்தால், ஆலைத் தீவனம் மட்டும் போட்டுச் சமாளிக்கலாமா? டர்பன் பக்கம் சரிப்படுமா?

டர்பனை முதலில் விட்டுவிடுங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் பெர்லெமூன் என்று சொல்லும் அபலோனிக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். நம் டர்பன் கடல் அதற்கு வெதுவெதுப்பு. மேற்கு கேப் மாகாணத்து ஹெர்மானஸ், கான்ஸ்பாய் பக்கம்தான் பண்ணைகள் அதிகம். அவையும் பெரும்பாலும் கரையில் தொட்டி கட்டி, கடல்நீரை ஏற்றி வளர்ப்பவை.

அதற்கு ஒரு காரணம் தீவனத்திலேயே இருக்கிறது. மீன்தூள், சோயா, மாவுச்சத்து சேர்த்துச் சப்பையான வில்லையாகச் செய்கிறார்கள். கெல்ப் பாசியைவிடப் புரதம் பல மடங்கு என்பதால் வளர்ச்சி நன்றாக இருக்கும். ஆனால் அபலோனி அவசரப்படாது. இருட்டிய பிறகுதான் ஊர்ந்து வந்து, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் தின்னும். அதுவரை வில்லை கரையாமல் கிடக்க வேண்டும். தொட்டியில் கிடக்கும், மிச்சத்தைக் கழுவியும் விடலாம். கடல் கூண்டிலோ அலை உலுக்கி உலுக்கி, ஊறிய வில்லையைக் கண்ணி வழியே வெளியே தள்ளிவிடும். காசு தண்ணீரோடு போகும். உள்ளே தங்கியது அழுகினால் அதுவும் கேடு.

கெல்ப் இலையைத் திணித்து வைத்தால் பல நாள் தாங்கும். தீவனம் என்றால் அடிக்கடி படகெடுத்துப் போய்க் கூண்டைத் திறக்க வேண்டும். தென் கடலில் காற்று கிளம்பினால் அது நடக்காது.

என்னைக் கேட்டால், கடலில் பாசியே பிரதானம். தீவனம் துணைக்கு மட்டும். விற்கும் அளவுக்கு வளர நாலைந்து வருஷம் ஆகும், அதுவரை கையில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், உரிமம் இல்லாமல் ஒரு குஞ்சைக்கூடத் தொடாதீர்கள்; திருட்டு வேட்டையால் கடலில் இயற்கையாக வளரும் அபலோனி ஏற்கெனவே நலிந்து கிடக்கிறது.