இயேசுவா யாரு நடிக்கிறது?

யூத் குரூப்ல பைபிள் கதைய லார்ப்பா, அதாவது ஆளுக்கொரு பாத்திரமா மாறி எழுதின வசனம் இல்லாம நடிச்சு விளையாடுற மாதிரி, விளையாட ஆசை, ஆனா இயேசுவா நடிக்க எல்லாரும் பயப்படுறாங்க, பெரியவங்களும் தேவதூஷணம்ங்கிறாங்கன்னு கேட்டிருந்தீங்க. அந்த வேஷமே வேண்டாங்க. பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள் 15ம் அதிகாரம் எடுங்க, எருசலேம்ல கூடி யூதரல்லாத விசுவாசிங்களுக்கு விருத்தசேதனம் (ஆணுறுப்பின் முன்தோல நீக்குற யூதச் சடங்கு) வேணுமா வேணாமான்னு வாதாடுறாங்கல்ல, பேதுரு, பவுல், பர்னபா, யாக்கோபு, பரிசேயர்ல (நியாயப்பிரமாணத்த கண்டிப்பா கடைப்பிடிச்ச யூதப் பிரிவு) இருந்து வந்த விசுவாசிங்கன்னு ஆளுக்கொரு நியாயம் இருக்கு, வசனம் எதுவும் குடுக்காம அவங்க எதை நம்புறாங்க எதுக்கு பயப்படுறாங்கன்னு மட்டும் சீட்டுல எழுதிக் குடுங்க, முடிவு பைபிள்ல இருக்கறபடியே வரணும்னு கட்டாயப்படுத்தாதீங்க, அந்த வாதம்தான் விளையாட்டே. யாராச்சும் "கட்"னு சொன்னா உடனே நிறுத்தணும்னு முதல்லயே சொல்லிடுங்க. முடிஞ்சதும் சொந்தப் பேர்ல உக்காந்து மனசுவிட்டு பேசுங்க, அப்புறம் அதிகாரத்த சேர்ந்து வாசிங்க. சிலுவைக் காட்சிய மட்டும் தொடாதீங்க, அத விளையாட எனக்கு மனசு வராது.