பாய் என்று முடிவதெல்லாம் பாயா?

கேள்வி: என் எட்டு மாத மகனுக்கு நாக்கில் வெள்ளை படிந்ததற்கு டொக்டர் நிஸ்ரற்றின் துளிமருந்து எழுதினார். என் அம்மா கொலஸ்ரோலுக்குப் போடுவது அற்றோர்வாஸ்ரற்றின். பால்குடிப் பிள்ளைக்குக் கொழுப்புக் குளிசையின் இனத்தையா கொடுப்பது? நான் போத்தலைத் திறக்கவே இல்லை. இதை உங்கள் சஞ்சிகை அம்பலப்படுத்துமா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: படுத்தாது, தங்கச்சி. டொக்டரில் பிழையில்லை. வாலை மட்டும் பார்த்து நீங்கள்தான் ஆளைத் தீர்மானித்துவிட்டீர்கள். கோப்பாய், மானிப்பாய், சண்டிலிப்பாய் என்ற ஊர்ப் பெயர்கள் எல்லாம் 'பாய்' என்றுதான் முடிகின்றன. ஓலைப்பாயும் அப்படித்தான். சுருட்டி மூலையில் சாத்தி வைக்கக்கூடியது இதில் ஒன்றுதான்.

நிஸ்ரற்றின் என்ற பெயரில் இருப்பது நியூயோர்க் ஸ்ரேற், அதாவது நியூயோர்க் மாநிலம். அந்த மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில் வேலை செய்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்ற இரண்டு பெண்களின் கண்டுபிடிப்பு அது. ஒருவர் நியூயோர்க் நகரத்தில், மற்றவர் ஓல்பனியில். மண்ணில் இருந்து பிரித்த நுண்ணுயிர்களைப் போத்தலில் அடைத்துத் தபாலில் மாறிமாறி அனுப்பியே ஆராய்ச்சியை நடத்தினார்கள். 1950இல் அறிவித்தபோது வேறு பெயர். பிறகுதான் சம்பளம் தந்த மாநிலத்தின் பெயர் மருந்துக்கு ஏறியது. பங்கசைக் கொல்வது அதன் வேலை. பிள்ளையின் நாக்கில் இப்படிப் படிவதும் பங்கசுதான்.

அம்மாவின் குளிசையின் கதை வேறு. வேடிக்கை என்னவென்றால், அது பங்கசிலிருந்தே பிறந்த குடும்பம். ஜப்பானில் சாங்கியோ நிறுவனத்து அகிரா எண்டோ, ஏறக்குறைய 6,000 பங்கசுகளைச் சலித்தெடுத்து 1973இல் ஒரு பொருளைப் பிடித்தார். அது கிடைத்த பங்கசு, கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பிடித்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணம். நாங்கள் முகம் சுளித்துக் கோழிக்குக் கொட்டுகிற அரிசி! ஈரல் கொலஸ்ரோல் செய்யத் தேவையான ஒரு நொதியத்தை அது மறித்தது. அதற்கு வழங்கிய பெயர் கொம்பக்ரின். பாருங்கள், மூத்த பிள்ளைக்கு 'ஸ்ரற்றின்' வாலே இல்லை. பின்னாளில்தான் மெவாஸ்ரற்றின் ஆனது. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று முதலில் சந்தைக்கு வந்தது அதன் தம்பி லோவாஸ்ரற்றின். அப்புறம் சிம்வா, பிரவா, அற்றோர்வா, ரொசுவா என்று வரிசையாக வந்தன.

இங்கே 'ஸ்ரற்' என்றால் நிறுத்துவது. கிரேக்க, லத்தீன் வேர். கடைப் பலகைகளில் 'வர்த்தக ஸ்தாபனம்' என்று பார்க்கிறோமே, அந்த ஸ்தாபனத்துக்கும் அது தூரத்து உறவு. நியூயோர்க் 'ஸ்ரேற்' என்ற சொல்லும் சுற்றி வளைத்து அதே வேரில்தான் போய் முட்டும். ஆனால் சொல்லுக்குச் சொந்தம் என்பதால் மருந்துக்கு மருந்து சொந்தமாகாது.

உலக சுகாதார நிறுவனத்தின் பெயர் முறையில் கொலஸ்ரோல் குடும்பத்தின் முழு வால் 'வாஸ்ரற்றின்'. 'வா' இருக்கிறதா என்று பாருங்கள். நிஸ்ரற்றினில் இல்லை.

சரி, போத்தலுக்கு வருவோம். எழுதித் தந்து எத்தனை நாளாயிற்று என்று நீங்கள் சொல்லவில்லை. பிள்ளையை ஒருக்கால் திரும்பக் காட்டி, டொக்டர் சொல்கிற அளவில் தொடங்குங்கள். எட்டு மாதம் என்றால் தவழ்ந்து போய்க் கண்டதையும் வாயில் வைக்கிற வயது. அம்மாவின் குளிசைப் பெட்டியைத்தான் உயரத்தில் தூக்கி வையுங்கள்.