தடித்த குறுக்கெழுத்துத் தொகுப்பு ஏன் சீக்கிரம் சலிக்கிறது?

ஆசையாக வாங்கிய தொகுப்பில் இருபது புதிர்கள் தாண்டியதும் அலுத்துவிட்டது, தனக்குத்தான் பொறுமை இல்லையோ என்று கேட்டிருந்தீர்கள். குறை உங்களிடம் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கணினி நிரப்பிய கட்டங்கள் போலத் தெரிகிறது. அதே குட்டிச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும், குறிப்புகளும் அகராதிப் பொருளாகவே இருக்கும்.

'நதி (2)' என்று கேட்டால் 'ஆறு' என்று எழுதிவிட்டு நகர்வோம். அதையே 'ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே ஓடுவது (2)' என்று கேட்டுப் பாருங்கள்! விடை பிடிபடும் அந்த நொடிக்காகத்தானே புதிர் போடுகிறோம். அதை எழுத ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். அதனால் அடுத்த முறை புதிரை அமைத்தவர் பெயரும் தொகுத்தவர் பெயரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் விடைப் பக்கங்களைப் புரட்டுங்கள், ஒரே சொற்கள் அடிக்கடி கண்ணில் பட்டால் வைத்துவிடுங்கள்.

கட்டமும் முக்கியம். ஒரு மூலை முழுக்க ஒரே சொல்லால் மட்டும் மற்ற பகுதியோடு இணைந்திருந்தால், அந்தச் சொல் தெரியாதபோது மூலையே போச்சு. நல்ல அமைப்பாளர் நுழைய இரண்டு மூன்று வழி விடுவார்.

ஆங்கிலத்திலும் போடுவீர்கள் என்றால் நியூயார்க் டைம்ஸ் தொகுப்புகளை எடுங்கள். திங்கள் புதிர் எளிது, சனிக்கிழமை புதிர்தான் மிகக் கடினம். கிழமை வாரியாகவே புத்தகங்கள் கிடைக்கின்றன. புதன்கிழமைப் புதிர்களில் தொடங்கலாம்.