எடை குறைய தினமும் கலோரி எழுதணுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மூணு மாசமா போன் ஆப்பில் சாப்பிட்டதை எல்லாம் எழுதிட்டு வந்தேன். இட்லியை எண்ணலாம், கூட்டையும் வத்தக்குழம்பையும் எப்படி எண்றது? சலிச்சுப் போய் விட்டுட்டேன். வேற வழி இருக்கா? – வாசகி, மன்னார்குடி

விட்டதில் தப்பே இல்லை. குழம்பில் ஆளுக்கு எவ்வளவு எண்ணெய் போனது என்று சமைத்தவருக்கே தெரியாது, ஆப்புக்கு எப்படித் தெரியும்? தட்டுக்கு வந்த பிறகு அளக்காதீர்கள், அடுப்புக்குப் போகும் முன் அளங்கள். அதுவும் அரிசி, எண்ணெய் இரண்டை மட்டும்.

200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்தால் அரிசி சுமார் 160 கிராம் இருக்கும். உட்கார்ந்து வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு மதியச் சோற்றுக்கு இது போதும். ஆளுக்கு 280 கலோரி வரும். ‘யாராவது வந்தா இருக்கட்டும்’ என்று ஒரு பிடி கூடப் போடும் இடத்தில்தான் கணக்கு தவறுகிறது. யாரும் வரமாட்டார்கள், வீணாக்க மனம் வராமல் நாமே சாப்பிட்டுவிடுவோம்.

நம் பக்கம் குழம்பு, ரசம், மோர் என்று மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாகக் கரண்டி போனால் மூன்றுமே முழுக்கரண்டிதான். உங்கள் பங்குச் சோறு முழுவதையும் முதலிலேயே தட்டில் வைத்து, குழம்பு ஊற்றும் முன் கையால் மூன்றாகப் பிரித்து ஒதுக்குங்கள். மோர்ச் சோறு ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தால், குழம்புக்கு இன்னொரு கரண்டி கேட்கத் தோன்றாது.

சோறு குறைந்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால் நாலு மணிக்குப் பசி பஜ்ஜி கேட்கும். இரண்டு கரண்டி காய், கூடவே பயறோ மீனோ முட்டையோ வேண்டும். சம்பா அறுத்த வயலில் தை, மாசியில் விளையும் பச்சைப்பயறு 50 கிராமை ஊறவைத்து வேகவைத்தால் 11 கிராமுக்கு மேல் புரதம். சுண்டலாகத் தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு மேல் வேண்டாம்.

எண்ணெய்க்கு மாதக் கணக்கு போதும். நாலு பேர் வீட்டில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து மாதம் 2 லிட்டர். முதல் தேதி கேனில் ஊற்றித் தேதி ஒட்டிவிடுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்தால் எங்கே போகிறது என்று தேடுங்கள்; பெரும்பாலும் அப்பளமும் தோசைக்கல்லும்தான். 2 லிட்டர் 4 லிட்டரானால் ஆளுக்குத் தினம் சுமார் 140 கலோரி கூடுகிறது. சோற்றை மட்டும் குறைத்து எண்ணெயை விட்டவர்கள் ‘ஒண்ணுமே சாப்பிடலை, எடை இறங்கலை’ என்று வருத்தப்படுவது இதனால்தான்.

வெள்ளை அரிசியை விட்டு மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறினால் எடை குறையுமா? – வாசகர், திருத்துறைப்பூண்டி

அரிசி மாறியதால் மட்டும் குறையாது. எந்த அரிசியானாலும் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரிதான். ஆனால் தவிடு போகாத அரிசியில் நார்ச்சத்து உண்டு, மென்று சாப்பிட நேரமாகும், முக்கால் அளவிலேயே வயிறு நிறையும். அந்த முக்காலோடு எழுந்தால் பலன் உண்டு. உடம்புக்கு நல்லது என்று ஒரு கரண்டி கூடப் போட்டால் இல்லை. முதல் நாள் இரவே ஊறவைத்துக் குழைய வேகவையுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் வீட்டில் எல்லோரும் வெறுத்துவிடுவார்கள்.

சாப்பாடு கம்மிதான், காபி மட்டும் நாலு தடவை. அதில் என்ன இருக்கப் போகுது? – வாசகர், கும்பகோணம்

நிறைய இருக்கிறது. ஒரு டபராவுக்கு 100 மில்லி கொழுப்பு நீக்காத கெட்டிப் பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 125 கலோரி. நாலு தடவைக்கு 500. மேலே சொன்ன அரிசி டம்ளரில் முக்காலுக்கு மேல்! டிகிரி காபியை விடச் சொல்ல எங்களுக்கும் மனமில்லை. காலையில் ஒன்றைக் கெட்டியாகவே குடியுங்கள், மற்றதில் இரண்டை நிறுத்துங்கள். சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். நாட்டுச்சர்க்கரைக்கும் இதே கணக்குதான்.

கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன், ரெண்டே நாளில் ஒன்றரை கிலோ ஏறிவிட்டது. பட்டதெல்லாம் வீணா? – வாசகி, மாயவரம்

இல்லை, பெரும்பங்கு தண்ணீர். உப்பும் மாவுச்சத்தும் கூடினால் உடம்பு நீரைப் பிடித்து வைக்கும், மூன்று நாலு நாளில் வடியும். மாதவிடாய்க்கு முன்னும் அப்படித்தான். தண்டனையாக மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். அது சாயங்காலமே அகோரப் பசியில் முடியும்.

வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, காபிக்கு முன் எடை பாருங்கள். எடையைவிட இடுப்பளவு நம்பகமானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், தோலை அழுத்தாமல் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டதும் படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. நம்மவர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மாதம் ஒரு செ.மீ. குறைந்தாலே வழி சரி. நாலு வாரமாக நகரவில்லை என்றால் ஆளுக்கு ஒரு பிடி அரிசியைக் குறையுங்கள்.

வயசு 52, விவசாயம். சாப்பாடு முன்ன மாதிரிதான், தொப்பை மட்டும் வருது. சுகர் மாத்திரை போடுறேன். ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திடலாமா? – வாசகர், நீடாமங்கலம்

அவசரப்பட வேண்டாம். உழவு, நடவு, அறுப்பு மூன்றுக்கும் இயந்திரம் வந்து உழைப்பு பாதியாகிவிட்டது, தட்டில் சோறு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. எடை ஏறும் வழி அதுதான். வண்டியை விட்டுவிட்டு வயலுக்கு நடந்தே போய் வருவது முதல் வேலை. ராத்திரி சாப்பிட்டதும் 15 நிமிடம் தெருவில் நடங்கள்.

மாத்திரைச் சீட்டில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு என்று இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, வேளைச் சாப்பாட்டைத் தாண்டினால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். சீட்டோடு டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவைச் சரிசெய்துகொண்ட பிறகே ராத்திரிச் சோற்றில் கைவையுங்கள். அப்போதும் குறைக்கலாம், நிறுத்த வேண்டாம்.